அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதச் சம்மதித்ததற்கு நன்றி. ஓசூரில் உங்கள் நிலையில் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலை, ராயக்கோட்டை சாலையில் நண்பர்களோடு ஒரே அறை, இரவு ஷிப்ட் முடிந்து வந்து ஹெட்போனில் மெட்டல் இசை கேட்டபடி தூங்கிப் போவது என்று எழுதியிருந்தீர்கள். வரும் சனிக்கிழமை பெங்களூர் கோரமங்களாவில் நடக்கும் ராக் நிகழ்ச்சிக்கு அறை நண்பர் உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். "அது இங்கிலீஷ் பேசறவங்க இடம் அண்ணா. நான் யாருன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும்" என்கிறீர்கள்.

போங்கள், தம்பி. அது உங்கள் இசை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அது பிறந்த கதையே அப்படி.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஓர் ஊர். காரும் கார் உதிரிபாகமும் செய்த ஊர். அங்கே ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்த டோனி ஐயோமி 1965-இல், பதினேழு வயதில், ஒரு தகடு ஆலையில் வெல்டராக இருந்தார். வேலையை விட்டு இசைக்குழுவோடு போவதென்று முடிவாகி, அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். பிரஸ் மிஷினில் நிற்க வேண்டிய ஆள் அன்று வரவில்லை என்பதால், பழக்கமில்லாத ஐயோமியை அதில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர். கிதாரில் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான்.

பவர் பிரஸ்ஸில் விரல் இழந்தவர்களை ஓசூரில் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் லைனிலேயே இருப்பார்கள். அதனால் இந்தக் கதை உங்களுக்குப் புரிகிற மாதிரி கோரமங்களாவில் பாதிப் பேருக்குப் புரியாது என்று நினைக்கிறேன்.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆலையின் மேலாளர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். 1928-இல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகு, மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய ஜாஸ் கிதார் கலைஞராக ஆனவர் ஜாங்கோ. அதைக் கேட்டபின் ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிகளுக்குத் தொப்பி செய்துகொண்டார். அவற்றின் மேல் பதனிட்ட தோலை ஒட்டினார். கனத்த தந்தி வலித்ததால் மெல்லிய தந்திக்கு மாறினார். பிறகு தந்திகளின் இறுக்கத்தையே தளர்த்தி, சுருதியை இறக்கி வாசித்தார். 1971-இல் அவருடைய பிளாக் சாபத் குழு வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்த இறக்கிய சுருதியைக் கேட்கலாம். நீங்கள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து கேட்கிற அந்தக் கனமான, அடிவயிற்றில் உறுமும் கிதார் ஓசையின் பிறப்பிடம் ஒரு பிரஸ் ஷாப்.

அதே குழுவில் பாடிய ஓஸி ஆஸ்போர்ன் கொஞ்ச காலம் ஒரு கார் உதிரிபாக ஆலையில் ஹாரன்களைச் சரிபார்த்துச் சுருதி கூட்டும் வேலையில் இருந்தவர். தொடக்க காலத்தில் இவர்கள் வாசித்த இடம், பர்மிங்காம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 'தி கிரவுன்' என்ற மதுக்கடையின் மாடி அறை. 'ஹென்றிஸ் புளூஸ்ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்த முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 2025 ஜூலை 5 அன்று, அதே ஆஸ்டனில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாக வாசித்தார்கள். பதினேழு நாளில் ஓஸி இறந்தார். உலகமே கேட்ட குழு அது. மாடி அறையில் நின்று காது கொடுத்த கொஞ்சம் பேர் இல்லையென்றால் அது அந்த ஊரைத் தாண்டியிருக்காது.

எனக்கு மைதானக் கச்சேரிகள் மேல் வெறுப்பு இல்லை. பெங்களூரின் ராக் பெயர் வெளியே பரவியது அவற்றால்தான். அயர்ன் மெய்டன் 2007 மார்ச்சிலும், மெட்டாலிகா 2011 அக்டோபர் 30 அன்றும் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். ஆனால் மைதானத்தில் பெரும்பாலானோர் பார்ப்பது திரையைத்தான். சின்ன அறையில் திரை கிடையாது. அங்கே என்ன இருக்கும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசலில் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள் அல்லது மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டுவார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தாமதமாகத்தான் தொடங்கும், ஆனாலும் போங்கள். கூட்டம் சேருமுன் டிரம்ஸ்காரர் ஒவ்வொரு தோலாகத் தட்டிப் பார்ப்பதையும், பேஸ் கிதாரின் ஒற்றை ஒலி சுவர்களை உரசிப் போவதையும், சவுண்ட் என்ஜினியர் விரல் உயர்த்தி 'இன்னும் கொஞ்சம்' என்று காட்டுவதையும் பார்க்கக் கிடைக்கும். இயந்திரத்தோடு வேலை செய்கிற உங்களுக்கு அது பிடிக்கும். பிரஸ்ஸில் டை (அச்சு) மாற்றிய பிறகு முதல் பீஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பீர்களே, அந்தக் கவனம் அங்கே எல்லார் முகத்திலும் இருக்கும்.

பெரும்பாலும் முதலில் வாசிப்பது பெயர் தெரியாத இளைய குழு. அவர்கள் வாசிக்கும்போது அறை பாதி காலியாக இருக்கும். நீங்கள் மேடைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். மேடை என்றால் ஒரு முழ உயரம், சில இடங்களில் அதுவும் இருக்காது. கிதார்காரரின் காலடியில் பெடல்கள் வரிசையாக இருக்கும். எதை மிதித்தால் எந்த ஓசை வருகிறது என்று கண்ணால் பார்த்துக் காதால் கேட்கலாம். எத்தனை வருடம் ஹெட்போனில் கேட்டாலும் இது பிடிபடாது. டிரம்ஸ்காரர் கால் பெடலை மிதிக்கும்போது அந்த அடி முதலில் நெஞ்செலும்பில் விழுந்து, பிறகுதான் காதுக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு கிதார்காரருக்குத் தந்தி அறுந்தால், அடுத்து வாசிக்க வேண்டிய குழுக்காரர் ஓடிவந்து தன் கிதாரைக் கழற்றிக் கொடுப்பார். பெரும்பாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே டிரம்ஸ், ஒரே ஆம்ப்தான். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில் ஒயர் சுருட்டுவது, சிம்பலைக் கழற்றுவது எல்லாம் அவர்களே. பாட்டில் ஒரு இடத்தில் ஒருவர் ஒரு அடி தவறவிட்டு, மற்றவர் கண்ணால் பிடித்து, இரண்டு தாளத்துக்குள் இருவரும் சேர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு நொடிக்காகவே நான் இன்னும் போகிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர் நீங்கள். விடிய விடியக் கூத்து நடக்கும்போது மிருதங்கக்காரரின் முழங்கால் உங்கள் மேல் படுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். கட்டியங்காரன் உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுவான். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர் அருள் வந்தவர் முகத்துக்கு நேரே நின்று அடித்து ஏற்றுவார். கலைஞனுக்கும் பார்க்கிறவனுக்கும் இடையில் வேலி இல்லாத அந்த இடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கோரமங்களாவில் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது மற்றவர்களுக்குத்தான்.

வேகமான பாட்டு வந்தால் நடுவில் வட்டம் பிரிந்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். பார்க்கச் சண்டை போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், அதற்கு எல்லோரும் காக்கிற விதிகள் உண்டு: கீழே விழுந்தவரை உடனே நான்கு கை தூக்கிவிட வேண்டும், ஓரத்தில் நிற்பவரை இழுக்கக் கூடாது, பெண்கள் மேல் கை படக் கூடாது. வேண்டாமென்றால் தூணோரமாக நில்லுங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள்.

இங்கிலீஷ் பற்றி. பெங்களூரில் 1996-இல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு ஆங்கிலத்தில் பாடுகிறது. 1998-இல் தொடங்கிய கிரிப்டோஸும் அப்படித்தான். அவர்கள் 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா வரை போய் வாசித்தவர்கள். ரகு தீட்சித் கன்னடத்தில் பாடுகிறார். அகம் குழு கர்நாடகக் கீர்த்தனைகளை எலெக்ட்ரிக் கிதாரில் ஏற்றுகிறது. கேரளத்தின் அவியல் குழு 2008-இல் தந்த ஆல்பத்தை மலையாளம் தெரியாதவர்கள் இன்னும் உரக்கப் பாடுகிறார்கள். சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்று சாதியைத் தமிழில் கேள்வி கேட்டன. இந்த அறைகளில் யாருக்கும் எல்லா வரியும் புரிவதில்லை. புரிந்த வரியில் கத்துகிறோம், புரியாத வரியில் தலையாட்டுகிறோம்.

மொழி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது நம் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றன. கைக்குழந்தையும் பையுமாக மக்கள் அத்திப்பள்ளி வரை நடந்தே எல்லையைக் கடந்தார்கள். நீங்கள் அப்போது பள்ளியில் படித்திருப்பீர்கள். பெங்களூரின் ஸ்வராத்மா குழு அதற்குப் பல வருடம் முன்பே காவிரியின் தாகத்தை 'ப்யாசி' என்ற பாட்டாக்கியிருந்தது. நான் நின்ற அறைகளில் இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் ஒரே பாட்டுக்கு வியர்த்து நின்றோம். ஒருவரையொருவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டதும் உண்டு. கேட்ட பிறகு கை குலுக்கிக்கொண்டோம். எல்லையில் வாழ்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அந்த அறைகள் நிலையானவை என்று நினைத்துவிடாதீர்கள். இந்திராநகரில் 2013-இல் திறந்த தி ஹம்மிங் ட்ரீ எத்தனையோ இளைய குழுக்களுக்கு முதல் மேடை. 2019-இல் அது மூடப்பட்டது. பெங்களூர் நகரக் காவல்துறை 2005-இல் போட்ட ஆணை ஒன்று, இசையோ நடனமோ நடக்கும் கேளிக்கை இடங்கள் தனி உரிமம் வாங்க வேண்டும் என்கிறது. அது செல்லும் என்று 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் உரிமம் இல்லாத இடங்களில் நேரடி இசை நின்றது. பாதுகாப்புக்கு விதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் நிற்கும் அறையில் நான்கு பிள்ளைகள் கிதார் வாசிப்பதையும் நடன பாரையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். வாடகை ஏறிக்கொண்டே போகிற ஊரில் இசைக்காக இடம் ஒதுக்குகிறவர் ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறார். நீங்கள் கொடுக்கும் சில நூறு ரூபாய் டிக்கெட் அந்தக் கதவைத் திறந்து வைக்கிறது. முடிந்தால் மேசையில் விற்கும் குழுவின் டி-ஷர்ட் ஒன்றையும் வாங்குங்கள். அந்தப் பணம் நேராக அவர்களுக்குப் போகும்.

இப்போது காது. இதில் விளையாட வேண்டாம். கம்பெனியில் இயர் பிளக் கொடுக்கிறார்களே, அதில் புதிதாக ஒரு ஜோடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதியின் எல்லை. இசை அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த நெறிப்படி 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. சின்ன அறையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் அது எளிதாகத் தாண்டிவிடும். வாரம் முழுக்க பிரஸ் சத்தத்தில் நிற்கும் உங்கள் காதுக்கு மற்றவர்களைவிட ஓய்வு குறைவு. பிளக்கை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள், விரியும்வரை பிடித்திருங்கள். பாட்டு கெட்டுப் போகாது. பாடகரின் குரல் இன்னும் தெளிவாகவே கேட்கும்.

போகிற வழி உங்கள் நண்பருக்குத் தெரிந்திருக்கும். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு வேலை எளிது. ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து பொம்மசந்திரா வரை பஸ், அங்கிருந்து சில்க் போர்டு வரை ரயில், பிறகு ஆட்டோ. திரும்பும்போது கடைசி ரயிலை நம்ப வேண்டாம். நள்ளிரவானாலும் சில்க் போர்டில் கிருஷ்ணகிரி, சேலம் போகும் பஸ்கள் கிடைக்கும், ஓசூரில் இறங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். தூக்கமில்லாமல் பிரஸ் முன்னால் போய் நிற்கக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

நம் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குள் வெகு நாளாகக் கிடந்து அரிக்கும் விஷயம் அதுதான். 1980 வாக்கில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் இங்கிருந்து வெளியே போகத் தொடங்கின. பிறகு டைட்டன் வந்தது. அதன் விளம்பரத்தில் வந்தது மோட்சார்ட்டின் 25-ஆம் சிம்பொனி. நம் ஊரில் பூட்டிய கைக்கடிகாரத்தோடு சேர்ந்து அந்த இசை இந்தியாவின் ஒவ்வொரு கூடத்துக்குள்ளும் நுழைந்தது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. தேர்த் திருவிழாவுக்கும் ஆயுத பூஜைக்கும் ஆர்கெஸ்ட்ரா வைக்கிறோம், நல்லதுதான். ஆனால் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள் தாங்களே எழுதிய பாட்டைத் தாங்களே வாசிக்க, நூற்றைம்பது பேர் நின்று கேட்க, எனக்குத் தெரிந்து இங்கே ஓர் அறை இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் பேசுகிற ஊர் இது. நாள் முழுக்க இரும்பு அடிபடும் சத்தத்தில் வாழ்கிற ஊர். பர்மிங்காமுக்கு இருந்தது எல்லாம் நமக்கும் இருக்கிறது, அந்த மாடி அறையைத் தவிர.

அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கின்றன. நம் பக்கத்துத் தெலுங்கர், கன்னடர் வீடுகளிலும் ஆஷாடத்தில் கல்யாணம் வைப்பதில்லை. மேடை, மின்சாரம், ஜெனரேட்டர், கழிப்பறை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் தயாராக இருக்கும் கட்டடங்கள் அவை. முதல் ஷிப்ட்காரர்கள் மூன்று மணிக்கும் ஜெனரல் ஷிப்ட்காரர்கள் ஐந்தரைக்கும் வந்துவிடுவார்கள். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் மூன்று குழு வாசித்து முடிக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கும் இடையூறு வராது. பாகலூர் சாலையில் ஒரு மண்டபக்காரரை எனக்குப் பழக்கம். ஆடிக்கு முன் அவரிடம் வாடகை பேசிப் பார்க்கிறேன். உங்கள் அறை நண்பர் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அவரை மேடைப் பக்கம் கூட்டிப்போய், முதலில் வாசித்த அந்த இளைய குழுவிடம் பேசச் சொல்லுங்கள். ஓசூர் வர எவ்வளவு கேட்பார்கள், டிரம்ஸ் செட்டை அவர்களே கொண்டுவருவார்களா, நாம் வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்